உப்பு விளையும்போதே மழைக்குச் சேர்த்து வை!

மரக்காணம் கரையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் கடன் இல்லாமல் வருடத்தை ஓட்டுவது எப்படி?

"உமி விற்கப் போனால் காற்று அடிக்கிறது, உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது" என்பது பழமொழி.

மற்ற ஊர்களில் இது வெறும் பேச்சு. மரக்காணத்தில் இது வாழ்க்கை!

விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரையில், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருக்கிறது மரக்காணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தி பாத்தியாக உப்பளம். வெள்ளை வெளேர் என்று குவியல் குவியலாக உப்பு.

தை, மாசியில் உப்பளத்தில் வேலை தொடங்கும். பங்குனி, சித்திரை வெயிலில் உப்பு நன்றாக விளையும். புரட்டாசி வரை வேலை இருக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால், பாத்தி எல்லாம் தண்ணீர். வேலை இல்லை. கூலியும் இல்லை.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி — இந்த மூன்று மாதமும் அடுப்பு எரிய வேண்டுமே!

அதோடு போகவில்லை. வேலையில்லாத இந்த மூன்று மாதத்தின் கடைசியில்தான் கிறிஸ்துமஸ் வருகிறது. கையில் காசு இல்லாத நேரத்தில், வருடத்தின் பெரிய செலவு!

பிள்ளைகளுக்குப் புதுத்துணி, பலகாரம், கறிச் சோறு, வீட்டுக்கு வரும் உறவினர்... என்ன செய்வது? வட்டிக்கு வாங்குகிறார்கள். அந்தக் கடன் தை மாதத்துக் கூலியையும், மாசி மாதத்துக் கூலியையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது.

வட்டிக் கணக்கு

5,000 ரூபாயை "5 வட்டிக்கு" வாங்குவதாக வைத்துக் கொள்ளுங்கள். அதாவது, 100 ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய் வட்டி.

மாத வட்டி 250 ரூபாய். பத்து மாதத்தில் 2,500 ரூபாய். இவ்வளவு கட்டிய பிறகும் அசல் 5,000 ரூபாய் அப்படியே நிற்கும்! அடுத்த கிறிஸ்துமசும் வந்துவிடும்.

மூன்று நாள் சாப்பிட்ட பலகாரத்துக்கு வருடம் முழுவதும் வட்டி கட்டலாமா?

இதற்கு மருந்து சமையல் அறையில்தான் இருக்கிறது. உப்பு விளையும் மாதங்களில் சேர்க்க வேண்டும். மழை மாதங்களில் எடுத்துச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. மொத்தம் ஐந்து பேர். இவர்கள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

கைப்பிடி அரிசி

வடகிழக்கு இந்தியாவில் மிசோரம் என்று ஒரு மாநிலம் உண்டு. அங்கே பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அங்குள்ள பெண்கள் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும், அளந்த அரிசியில் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனியே வைப்பார்கள். அதைச் சபைக்குக் கொடுப்பார்கள். 1910ஆம் ஆண்டில் தொடங்கிய பழக்கம் இது. இன்றும் நடக்கிறது. ஏழைப் பெண்களின் கைப்பிடி அரிசியே சபைக்குப் பெரிய வருமானம் ஆகிவிட்டது!

அதே வழியை நம் வீட்டுக்கும் வைத்துக் கொள்ளலாம்.

ஒரு கைப்பிடி அரிசி சுமார் 40 கிராம். ஒரு நாளைக்கு இரண்டு வேளை உலை வைத்தால் 80 கிராம். பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை சுமார் 240 நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 19 கிலோவுக்கு மேல்!

தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு ரேஷன் கடையில் மாதம் 20 கிலோ வரை அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. 2011ஆம் ஆண்டு ஜூன் முதல் இப்படி. அப்படியானால், கைப்பிடி அரிசியால் கிட்டத்தட்ட ஒரு மாத ரேஷன் அரிசி கூடுதலாகச் சேர்ந்துவிடுகிறது!

ஐந்து பேர் சாப்பாட்டில் ஒரு கைப்பிடி குறைந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால், கார்த்திகை மழையில் ஒரு மூட்டை அரிசி இருந்தால் வீட்டுக்கே தெம்பு.

அரிசியை வெயிலில் நன்றாகக் காய வைத்து, ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். காய்ந்த வேப்பிலையோ காய்ந்த மிளகாயோ நடுவில் போட்டால் வண்டு அவ்வளவாக அண்டாது.

எந்த மாதத்தில் எதை வாங்குவது?

மலிவாக விற்கும் மாதத்தில் வாங்குகிறவளே கெட்டிக்காரக் குடும்பத் தலைவி.

மாசி, பங்குனியில் புதுப் புளி வரும். கொட்டை எடுத்து, வெயிலில் காய வைத்து, கல் உப்புச் சேர்த்து ஜாடியில் அடையுங்கள். வருடம் முழுவதும் கெடாது.

அதே காலத்தில் மிளகாயும் வரும். மிளகாயையும் கொத்தமல்லியையும் முழுசாக வாங்கிக் காய வைத்து, மில்லில் கொடுத்து அரைத்துக் கொள்ளுங்கள். சிறு சிறு பாக்கெட்டாகத் தூள் வாங்குவதில் காசும் அதிகம். கலப்படப் பயமும் உண்டு.

உளுந்தும் பயறும் அறுவடை முடிந்து சந்தைக்கு வரும்போது இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பங்கு போட்டுக் கொள்ளலாம்.

திண்டிவனம் பக்கம் மணிலாக்கொட்டை விளையும் பூமி. இந்தப் பக்கத்துப் பேச்சில் "மல்லாட்டை." 100 கிராம் மல்லாட்டையில் சுமார் 25 கிராம் புரதச்சத்து இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கடையில் எண்ணெய்ப் பாக்கெட் தீனி வாங்கிக் கொடுப்பதை விட்டு, ஒரு பிடி மல்லாட்டையை அவித்துக் கொடுங்கள். காசும் மிச்சம், உடம்புக்கும் பலம்.

சித்திரை வெயிலைத் திட்டாதீர்கள்! உப்பை விளைய வைக்கும் வெயில்தான் வற்றலையும் காய வைக்கிறது. கத்தரிக்காய், கொத்தவரங்காய், மாங்காய், சுண்டைக்காய் — மலிந்து கிடக்கும்போது வாங்கி வற்றல் போடுங்கள். மழையில் காய்கறி விலை ஏறும்போது, ஒரு பிடி வற்றல் ஒரு குழம்பு!

உழவர் சந்தை உள்ள ஊருக்கு வேலையாகப் போனால், பையோடு போங்கள். 1999இல் மதுரையில் தொடங்கிய திட்டம் இது. விவசாயிகளே நேரில் விற்கிறார்கள்.

மீன் வாங்கும் விதம்

கடலோரத்தில் குடியிருந்தும், மீன் வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு.

கண் தெளிவாக, துருத்திக்கொண்டு இருக்க வேண்டும். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழக்கூடாது. சதை எழும்பி வர வேண்டும். கெட்ட வாடை வந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

விருந்தாளி வந்தால் வஞ்சிரம். மற்ற நாளில் நெத்திலியும் மத்தியும் போதும். இவற்றை விலை குறைந்தவை என்று ஏளனம் செய்யக் கூடாது. முள்ளோடு மென்று சாப்பிடக்கூடிய சிறு மீன்களில் சுண்ணாம்புச்சத்து அதிகம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது மீன் விலை ஏறும். அதற்கு முன்பே கருவாடு போட்டுக் கொள்ள வேண்டும்.

கருவாடு இந்தக் கரைக்குப் புதிதல்ல. சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்ற ஊர் வருகிறது. அந்த ஊருக்குப் போகும் பாணர்களுக்கு உலர்ந்த குழல் மீனைச் சுட்டு விருந்து வைப்பார்கள் என்று சொல்லியிருக்கிறது. அந்த எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்கிறார்கள் அறிஞர்கள். கருவாடு ஏழைச் சாப்பாடு என்று வெட்கப்பட வேண்டாம்!

மீனின் குடலை நீக்கி, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு. மணலில் போடாமல், உயரத்தில் வலை கட்டி அதன்மேல் காய வையுங்கள். மண் ஒட்டாது, ஈயும் குறையும். சீக்கிரம் காயும். மழைக்கு முன் ஒரு தடவை மறுபடியும் வெயில் காட்டி எடுத்து வையுங்கள்.

சிக்கனச் சமையல் இரண்டு

*கேழ்வரகுக் கூழ்:* இரண்டு டம்ளர் கேழ்வரகு மாவை முதல் நாளே தண்ணீரில் கரைத்துப் புளிக்க வையுங்கள். மறுநாள் மாலை, அரை டம்ளர் அரிசி நொய்யை ஆறு டம்ளர் தண்ணீரில் குழைய வேக விடுங்கள். மாவுக் கரைசலை ஊற்றி, அடிபிடிக்காமல் துடுப்பால் கிண்டுங்கள். ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்குங்கள். காலையில் மோரும் உப்பும் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் அரிந்து போட்டால் கூழ் தயார்.

விடியுமுன் உப்பளத்துக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல சாப்பாடு இல்லை. வயிறு நிற்கும். வெயிலில் நாக்கு வறளாது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது.

*நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு:* 100 கிராம் நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊற வைத்து, இரண்டு மூன்று தடவை அலசுங்கள். இரண்டு கரண்டி எண்ணெயில் வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்குங்கள். நான்கு கத்தரிக்காயும், ஊற வைத்து அவித்த ஒரு பிடி மொச்சையும் போடுங்கள். மிளகாய்த்தூள், மல்லித்தூள், எலுமிச்சை அளவு புளிக் கரைசல் விட்டுக் கொதிக்க விடுங்கள். காய் வெந்த பிறகு கருவாட்டைப் போட்டுப் பத்து நிமிடத்தில் இறக்குங்கள்.

உப்பை மட்டும் முதலிலேயே போடாதீர்கள். கருவாட்டிலேயே உப்பு உண்டு. கடைசியில் ருசி பார்த்து, தேவையானால் சேருங்கள்.

100 கிராம் கருவாட்டில் ஐந்து பேருக்கு இரண்டு வேளைக் குழம்பு!

வீட்டு ஓரத்தில் ஒரு முருங்கைக் கிளையை நட்டு வையுங்கள். அதன் கீரையும் பாசிப்பயறும் சேர்ந்த பொரியல் காசு இல்லாத சத்துணவு.

ஞாயிற்றுக்கிழமைக் கறி

கோயிலுக்குப் போய் வந்தால் ஞாயிற்றுக்கிழமை கறிக் குழம்பு வேண்டும். பிள்ளைகள் வாரம் முழுவதும் எதிர்பார்ப்பார்கள். அதை நிறுத்தச் சொல்லவில்லை.

ஒரு கிலோ எடுக்கிற இடத்தில் அரை கிலோ எடுங்கள். உருளைக்கிழங்கோ முருங்கைக்காயோ சேர்த்துக் குழம்பைக் கூட்டுங்கள். எலும்பைத் தனியே வாங்கிக் கடலைப்பருப்போடு தாளிச்சா வையுங்கள். சட்டி நிறையும், வாசனையும் குறையாது.

சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை தவக்காலம். வெள்ளிக்கிழமைகளில் பலர் இறைச்சி சாப்பிடுவதில்லை. சில வீடுகளில் நாற்பது நாளும் கறி கிடையாது. அந்தக் காசு எங்கே போகிறது? கவனிக்காவிட்டால், வேறு செலவில் கரைந்துவிடும். கறி வாங்காத ஒவ்வொரு வாரமும் அந்தக் காசை ஓர் உண்டியலில் போடுங்கள். பாதி, ஏழைகளுக்கு. பாதி, டிசம்பருக்கு. உப்பு வேலையும் அந்தச் சமயத்தில்தான் சூடுபிடிக்கிறது. சேமிப்பைத் தொடங்க அதுவே நல்ல நேரம்.

ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஐயாயிரம் பேருக்குப் போதுமானதாக ஆன கதை எல்லோருக்கும் தெரியும். அதன் முடிவைப் பலர் கவனிப்பதில்லை. சாப்பிட்டு மீந்த துண்டுகளை வீணாக்காமல் 12 கூடை நிறையச் சேர்த்து எடுத்தார்கள்! அற்புதம் நடந்த இடத்திலேயே மீதியை எறியவில்லை. நாம் எறியலாமா?

மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலைக்குப் பழைய சோறு. சோறு வடித்த கஞ்சியில் உப்பும் மோரும் சேர்த்தால் பாட்டிக்கு நல்ல பானம்.

உப்பு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை

உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் உப்புக்குப் பஞ்சம் இல்லை. ஒரு பை அள்ளி வந்தால் மாதக்கணக்கில் வரும். ஆனால், அதில் ஒரு குறை உண்டு.

பாத்தியில் விளையும் உப்பில் போதிய அயோடின் இல்லை. அயோடின் குறைந்தால் கழுத்தில் கழலை வரும். கர்ப்பிணிக்குக் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். அதனால்தான், நேரடியாகச் சாப்பிடுவதற்கு அயோடின் கலக்காத உப்பை விற்க 2006 முதல் இந்தியா முழுவதும் தடை இருக்கிறது.

ஊருக்கெல்லாம் உப்பு விளைவிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அயோடின் குறையலாமா? சமையலுக்கு அயோடின் உப்பையே வாங்குங்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். அள்ளி வந்த உப்பு கருவாட்டுக்கும் புளி அடைக்கவும் இருக்கட்டும்.

ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து பேருக்கு மாதம் 750 கிராம். கருவாடு, ஊறுகாயில் உள்ள உப்பும் இதில் அடக்கம். மாதம் ஒரு கிலோ பாக்கெட் முழுவதும் தீர்ந்து போகிறது என்றால், கை கொஞ்சம் தாராளம் என்று அர்த்தம்!

கடையில் கண் இருக்கட்டும்

ரேஷன் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்; பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடையில் இந்த விலைக்குக் கிடைக்குமா? எந்த மாதமும் வாங்காமல் விடாதீர்கள். வாங்கிய பிறகு செல்போனுக்கு வரும் செய்தியைப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வாங்காத பொருளை வாங்கியதாக வந்தால் 1967 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

பாக்கெட் வாங்கினால் மூன்றைப் பாருங்கள்: எடை, அதிகபட்ச விலை, தேதி. போட்ட விலைக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மளிகைக் கடையில் கடனுக்கு வாங்கினால், கடைக்காரர் நோட்டில் எழுதுவார். நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, பொருள், எடை, விலை — நான்கே கட்டம். எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும். மாதக் கடைசியில் இரண்டு நோட்டையும் ஒத்துப் பாருங்கள். கடைக்காரருக்கும் வருத்தம் இல்லை. உங்களுக்கும் சந்தேகம் இல்லை.

மழைக்கான அலமாரி

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மரக்காணத்து உப்பளங்கள் தண்ணீரில் மூழ்கின. கிறிஸ்துமசுக்கு நான்கு வாரம்கூட இல்லை!

புயல் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? ஐப்பசி பிறந்ததும் ஓர் உயரமான அலமாரியில் மூன்று நாளைக்கு வேண்டியதை வைத்துவிடுங்கள். அவல், பொரி, வெல்லம், வறுத்த மல்லாட்டை, தீப்பெட்டி, மெழுகுவத்தி, மூடிய குடத்தில் குடிநீர். அடுப்பு எரியாவிட்டாலும் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது.

உப்பளத் தொழிலாளர்களுக்கு மழை மாதங்களுக்கென்று 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டம் தமிழக அரசிடம் உண்டு. நல வாரியத்தில் பதிவு செய்யாதவர்கள், வேலை நடக்கும் மாதங்களிலேயே விசாரித்துப் பதிவு செய்துகொள்வது நல்லது.

கடன் இல்லாத கிறிஸ்துமஸ்

பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை நாளைக்கு 20 ரூபாய் எடுத்து வைத்தால் 240 நாளில் 4,800 ரூபாய். வட்டிக்கு வாங்க நினைத்த தொகை கிட்டத்தட்ட வந்துவிட்டது! காசை வீட்டில் வைத்தால் நிற்காது. தபால் ஆபீசிலோ மகளிர் குழுவிலோ போடுங்கள்.

பலகாரத்தைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்யுங்கள். இதோ ஒன்று:

*கலகலா:* அரை கிலோ கோதுமை மாவு அல்லது மைதா. 150 கிராம் சர்க்கரை. ஒரு முட்டை. அரை மூடித் தேங்காயின் பால். ஒரு சிட்டிகை உப்பு. இரண்டு கரண்டி எண்ணெயைக் காய்ச்சி மாவில் ஊற்றிப் பிசறுங்கள். சர்க்கரையைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, முட்டையை அடித்துச் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கெட்டியாகப் பிசையுங்கள். அரை மணி நேரம் ஊறட்டும். சப்பாத்தி போலத் தேய்த்து, கத்தியால் டைமன் வடிவில் வெட்டி, மிதமான தீயில் பொன்னிறமாகப் பொரியுங்கள்.

ரேஷன் சர்க்கரை, ரேஷன் பாமாயில் போதும். வெட்டுகிற வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். டப்பா நிறையும், வீடும் கலகலப்பாகும்! ஆறிய பிறகு மூடி வைத்தால் இரண்டு வாரம் இருக்கும்.

பக்கத்து வீடுகளுக்குத் தட்டு அனுப்ப வேண்டாமா? கட்டாயம் அனுப்புங்கள். அவர்கள் வீட்டுப் பொங்கலும் நோன்புக் கஞ்சியும் நம் வீட்டுக்கு வருகிறது அல்லவா? தட்டில் நான்கு கலகலா, இரண்டு முறுக்கு, ஒரு வாழைப்பழம் இருந்தால் போதும். கடன் வாங்கி நிரப்பிய தட்டைவிட, கையால் செய்து கொடுத்த தட்டுக்கே மதிப்பு அதிகம்.

சிக்கனம் என்பது கஞ்சத்தனம் அல்ல. கஞ்சன், இருக்கும்போதும் சாப்பிட மாட்டான். சிக்கனக்காரன், இல்லாதபோதும் சாப்பிடுவான்!

இந்தத் தை மாதம் உப்புப் பாத்தியில் கால் வைக்கும் அன்றே, சமையல் அறையில் ஒரு காலி டப்பாவை எடுத்து வையுங்கள். அன்று உலையில் போடும் அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை அதில் போடுங்கள்.

மார்கழியில் அந்த டப்பா உங்களுக்குச் சோறு போடும்.